அம்மாவோடு ஊருக்குப் போகும்போது காசை எப்படிக் கொண்டுபோவது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அடுத்த மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு முதன்முறையாகத் தமிழ்நாட்டுக்குப் போகிறேன். திருச்சியில் இறங்கி பழனி, மதுரை, ராமேஸ்வரம், கடைசியாகப் புதுக்கோட்டைப் பக்கம் தாத்தாவின் ஊர். மொத்தம் 16 நாள். விமான டிக்கெட் போக 8,000 வெள்ளி (ரிங்கிட்) வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் இங்கேயே ரூபாயாக மாற்றிக் கையில் எடுத்துக்கொள் என்கிறார் அம்மா. நண்பர்கள் கார்டும் போனும் போதும் என்கிறார்கள். அப்பா வைத்துவிட்டுப் போன பழைய ரூபாய் நோட்டுகளும் அம்மாவிடம் கொஞ்சம் இருக்கின்றன. என்ன செய்வது?"

ரொக்கமா கார்டா என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. ஆனால் நீங்கள் பயப்படுவது வேறொன்றுக்கு என்று நினைக்கிறேன். ஆள் தெரியாத ஊரில், வயதான அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காசில்லாமல் நின்றுவிடக் கூடாது. அப்படி நின்றுவிடாமல் இருக்க என்ன செய்யலாம் என்றுதான் நான் பதில் சொல்லப் போகிறேன். நானும் சுங்கை சிப்புட்டுக்காரி. கடைத்தெருவில் ஒரு நாணய மாற்றுக் கடையில் 19 ஆண்டுகள் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவள். தோட்டத்தில் பால்மரம் வெட்டிச் சேர்த்த காசைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துவரும் அம்மாக்களுக்கு எண்ணிக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் திரும்பி வந்து அங்கே நடந்ததைச் சொல்லவும் கேட்டிருக்கிறேன். நானே ஆறு முறை ஊருக்குப் போய் வந்துவிட்டேன். நகைக்குச் சுங்கவரி எவ்வளவு, வருமானவரி எப்படி என்பதெல்லாம் என் தொழில் இல்லை. அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

முதலில் சட்டம் உறுதியாகச் சொல்வதைச் சொல்லிவிடுகிறேன். 8,000 வெள்ளியையும் ரூபாயாக மாற்றி எடுத்துப்போக முடியாது. இந்தியாவுக்குள் நுழையும் வெளிநாட்டுக்காரர் ஒருவர் விமான நிலையம் வழியாக 25,000 ரூபாய் வரைதான் இந்திய நோட்டாகக் கொண்டுபோகலாம். திரும்பி வரும்போதும் அதே அளவுதான். நீங்கள் இரண்டு பேர், ஆக 50,000 ரூபாய். கணக்குக்கு எளிதாக ஒரு வெள்ளிக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் உங்களிடம் இருப்பது 1,60,000 ரூபாய். அதில் மூன்றில் ஒரு பங்குகூட ரூபாய் நோட்டாகப் போக முடியாது. வெளிநாட்டு நோட்டு, அதாவது நம் வெள்ளி, கொண்டுபோவதில் உங்களுக்குச் சிக்கல் இல்லை. இங்கிருந்து கிளம்பும்போது 10,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேல் ரொக்கம் இருந்தால் சுங்கத்தில் பாரம் 22 எழுதித் தர வேண்டும். அங்கே இறங்கும்போது வெளிநாட்டு நோட்டு 5,000 டாலர் மதிப்பைத் தாண்டினால் சொல்ல வேண்டும். உங்கள் தொகை இரண்டுக்கும் மிகவும் கீழே. அதனால் அம்மாவிடம் "சட்டமே விடாது" என்று தைரியமாகச் சொல்லுங்கள். பிள்ளை சொன்னால் கேட்காத அம்மாக்கள்கூட அரசாங்கம் சொன்னது என்றால் கேட்டுக்கொள்வார்கள்.

ஆனால் அம்மா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. திருச்சி விமான நிலையத்தைவிட்டு வெளியே வந்த நிமிடத்திலிருந்து உங்களுக்கு ரூபாய் வேண்டும். டாக்சிக்கு, தண்ணீருக்கு, இட்லிக்கு, அறைச் சாவி கொடுக்கும் பையனுக்கு. ஆகவே ஆளுக்கு 15,000 ரூபாய், இரண்டு பேருக்கும் சேர்த்து 30,000, இங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள். அது ஏறக்குறைய 1,500 வெள்ளி. பின்னே 3,000 வெள்ளியை வெள்ளியாகவே, நூறு வெள்ளி நோட்டாக, கையில் கொண்டுபோங்கள். மீதி 3,500 வங்கியில் இருக்கட்டும், ஆனால் ஒரே வங்கியில் வேண்டாம். ஏன் இந்தக் கணக்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மாற்றுகிற கடையைப் பற்றி முதலில். மலேசியாவில் இந்தத் தொழில் 2011ஆம் ஆண்டு பணச் சேவைத் தொழில் சட்டத்தின் கீழ் வருகிறது. நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா கொடுத்த உரிமம் கடையில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மாட்டியிருக்க வேண்டும், ரசீது கொடுக்க வேண்டும். 3,000 வெள்ளியோ அதற்கு மேலோ மாற்றினால் ஐசி (அடையாள அட்டை) கேட்பார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள், அது அவர்கள் கடமை. பலகையில் இரண்டு விலை எழுதியிருக்கும். அதைப் பார்க்கத் தெரியாமல் எத்தனையோ பேர் குழம்பியிருக்கிறார்கள். ரூபாய்க்கு நம் ஊரில் நூறு ரூபாய்க்கு இத்தனை வெள்ளி என்றுதான் விலை போடுவோம். கடை விற்கும் விலை 5.10, வாங்கும் விலை 4.80 என்று ஒரு நாள் பலகையில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் வெள்ளி கொடுத்தால் 19,607 ரூபாய் கிடைக்கும். அதை அப்படியே திருப்பிக் கொடுத்தால் 941 வெள்ளிதான் கைக்கு வரும். ஒன்றுமே வாங்காமல் 59 வெள்ளி போய்விடும். அதிகமாக மாற்றிவிட்டு மிச்சத்தைத் திரும்ப மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். இன்னொன்று, சிலர் வெள்ளியை டாலராக மாற்றி, அந்த டாலரை அங்கே ரூபாயாக மாற்றுவார்கள். இந்த இடைவெளியை இரண்டு முறை கட்டுகிறார்கள் என்று அர்த்தம். திருச்சியிலும் சென்னையிலும் நம் வெள்ளியை நேராக வாங்கும் கடைகள் உண்டு, டாலர் தேவையே இல்லை. ஆனால் பழனியிலோ புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலோ வெள்ளியை மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பிப் போகாதீர்கள். பெரிய ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே மாற்றிக்கொள்ளுங்கள்.

வெள்ளி நோட்டு சுத்தமாக இருக்க வேண்டும். பேனாவில் எண் எழுதியது, ஓரம் கிழிந்தது, ஒட்டுப்போட்டது எதையும் அங்கே வாங்க மாட்டார்கள், வாங்கினாலும் விலையைக் குறைப்பார்கள். ஏடிஎம்மிலிருந்து எடுக்கும்போதே பிரித்து வையுங்கள். அப்புறம், தீபாவளிக்கும் பள்ளி விடுமுறைக்கும் முன்னால் கடைகளில் ரூபாய் தீர்ந்துபோகும். இரண்டு வாரம் முன்பே போன் போட்டுக் கேட்டு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அப்படிக் கேட்கும்போது "எல்லாம் ஐந்நூறாகக் கொடுக்காதீர்கள்" என்று மறக்காமல் சொல்லுங்கள். அவசரத்துக்கு விமான நிலையத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்பவர்களுக்கு நான் சொல்வது, அங்கே விலை கடைத்தெருவைவிட மோசமாகத்தான் இருக்கும், கடைக்கு அங்கே கட்டுகிற வாடகையை நம்மிடம்தான் வாங்குவார்கள்.

உண்டியல் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நம் தோட்டப்புறத்தில் இன்னும் யாராவது ஒருவர் இருப்பார். "வெள்ளியை இங்கே என்னிடம் கொடு, நீ இறங்கும்போது அங்கே என் ஆள் ரூபாயைக் கையில் கொடுப்பான், விலையும் கடையைவிட நல்ல விலை" என்பார். பெரும்பாலும் ஒழுங்காகவும் நடக்கும், அதனால்தான் ஜனங்கள் நம்புகிறார்கள். ஆனால் இது இரண்டு நாட்டுச் சட்டத்துக்கும் விரோதம். ரசீது இல்லை, ஏமாந்தால் போலீசில் போய்ச் சொல்லவும் வாய் இல்லை. என் கவுண்டருக்கு வந்த ஓர் அக்கா, பெண் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வைத்திருந்த காசை இப்படிக் கொடுத்துவிட்டு, திருச்சியில் மூன்று நாள் உறவுக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்த ஆளின் போனுக்காகக் காத்திருந்ததாகச் சொல்லி அழுதார். போன் வரவே இல்லை. நூறு ரூபாய்க்குப் பத்து காசு லாபம் பார்க்கப் போய் முதலையே இழந்தார். முன்கூட்டியே சொந்தக்காரருக்கு அனுப்பி வைக்க வேண்டும் என்றால் உரிமம் உள்ள பண அனுப்பும் கடை வழியாக அவர் வங்கிக் கணக்குக்கே அனுப்பலாம்.

சரி, கார்டு. நம் வங்கி கொடுத்த கார்டில் மைடெபிட் சின்னம் மட்டும் இருந்தால் அது இந்தியாவில் செல்லாது. விசா அல்லது மாஸ்டர்கார்டு சின்னமும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் பல வங்கிகளில் வெளிநாட்டில் பயன்படுத்தும் வசதியைப் பூட்டியே வைத்திருப்பார்கள், நாமாகச் சொல்லித் திறக்க வேண்டும். வங்கிச் செயலியிலேயே பயணத் தேதிகளைப் போட்டுத் திறக்கலாம், இல்லையென்றால் கிளைக்குப் போங்கள். அம்மாவின் பெயரிலும் ஒரு கார்டு இருந்தால் அதையும் திறந்து வையுங்கள். உங்கள் கார்டு உங்களிடம், அம்மா கார்டு அம்மாவிடம். அம்மாவின் பையில் உங்கள் இரண்டாவது கார்டையும் வைக்கலாம். ஏடிஎம் ஒரு கார்டை விழுங்கிவிட்டால் அன்று மாலை ராமேஸ்வரத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள், ஏன் இரண்டு வங்கி என்பது புரியும்.

ஏடிஎம்மில் எடுக்கும்போது ஒவ்வொரு தடவைக்கும் நம் வங்கி ஒரு கட்டணம் எடுக்கும், அங்குள்ள வங்கியும் சில சமயம் எடுக்கும். அது வங்கிக்கு வங்கி மாறும். தடவைக்குப் பத்து வெள்ளி என்றே வைத்துக்கொள்வோம். 2,000 ரூபாய் எடுத்தால் நூறு வெள்ளிக்குப் பத்து வெள்ளி கட்டணம், பத்து விழுக்காடு. 10,000 ரூபாய் எடுத்தால் அதே பத்து வெள்ளி ஐந்நூறு வெள்ளிக்குப் பரவுகிறது, இரண்டு விழுக்காடுதான். இந்தியாவில் பல இயந்திரங்கள் ஒரு தடவைக்கு 10,000 ரூபாய்க்கு மேல் தருவதில்லை. ஆகவே எடுப்பதென்றால் பத்தாயிரமாக எடுங்கள், அடிக்கடி எடுக்காதீர்கள். வங்கிக் கிளையோடு ஒட்டியுள்ள இயந்திரமாக, பகல் நேரத்தில், கிளை திறந்திருக்கும்போது எடுங்கள். ஏதாவது சிக்கிக்கொண்டால் உள்ளே போய்ச் சொல்ல ஆள் இருப்பார்.

இயந்திரத்தில் ஓர் இடத்தில் நானே ஏமாந்தேன், அதனால் அதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். 2019இல் திருச்சியில் ஓர் ஏடிஎம்மில் கார்டைப் போட்டு 10,000 அமுக்கினேன். திரையில் ஒரு கேள்வி வந்தது. இத்தனை ரிங்கிட், இந்த விலையில், ஏற்கிறீர்களா இல்லையா என்று. நம் காசிலேயே கணக்குக் காட்டுகிறதே, நல்லதுதானே என்று ஏற்கிறேன் என்பதை அமுக்கிவிட்டேன். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றதால் யோசிக்கவும் நேரமில்லை. அறைக்கு வந்து கணக்குப் போட்டால், நான் 19 ஆண்டுகளாகப் பலகையில் எழுதிவந்த எந்த விலையையும்விட மோசமான விலை. இருபது வெள்ளிக்கு மேல் கூடுதலாகப் போயிருந்தது. அந்தக் கேள்வி வந்தால் எப்போதும் மறுத்துவிடுங்கள். "டிக்ளைன்" என்றோ "மாற்றாமல் தொடர்" என்ற பொருளிலோ ஒரு பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால் காசே வராமல் போய்விடுமோ என்று பயம் வரும். வராமல் போகாது, ரூபாயாகவே கழித்து, நம் கார்டு நிறுவனத்தின் விலையில் மாற்றிக்கொள்ளும், அது பெரும்பாலும் நல்ல விலை. கடையில் கார்டு தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும், சில சமயம் நம்மைக் கேட்காமல் கடைக்காரரே ரிங்கிட்டை அமுக்கிவிடுவார். சீட்டில் கையெழுத்துப் போடும் முன் தொகை ரூபாயில் இருக்கிறதா என்று பாருங்கள். ரிங்கிட்டில் இருந்தால் ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை.

இப்போது போன். உங்கள் நண்பர்கள் சொல்வதில் எங்கே தவறு என்றால், இங்கே பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஆப்பம் விற்பவர் வரை டூயிட்நவ் கியூஆர் வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, அங்கேயும் கடைக்குக் கடை கியூஆர் ஒட்டியிருப்பதைப் படத்தில் பார்த்துவிட்டு, இரண்டும் ஒன்றுதான் என்று நினைக்கிறார்கள். அங்கே ஒட்டியிருப்பது யுபிஐ, இந்தியாவின் சொந்தப் பணம் கட்டும் முறை. 2016இல் வந்தது, அவர்கள் வங்கிக் கணக்கோடு இணைந்தது. இளநீர்க் கடை வரை உண்டு. நம் செயலி அதைப் படிக்கும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். இரண்டு நாட்டுப் பணம் கட்டும் முறைகளையும் இணைப்பது பற்றிய பேச்சு நடந்துகொண்டே இருக்கிறது, மாறும் விஷயம். போகிற வாரம் உங்கள் வங்கியையே கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டுப் பயணிகளுக்கென்றே யுபிஐ ஒன் வேர்ல்ட் என்று ஒன்று 2023இல் ஜி20 மாநாட்டை ஒட்டி ஆரம்பித்தார்கள். கடப்பிதழும் விசாவும் காட்டி, முன்பணம் போட்டு, கடைகளில் ஸ்கேன் செய்து கட்டலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதைக் கொடுக்கும் கவுண்டர் எல்லா இடத்திலும் கிடையாது, 16 நாள் பயணத்தில் ஒரு நாளை அதற்காக அலைந்து வீணாக்க வேண்டாம் என்பது என் கருத்து. கண்ணில் பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னும் ஒன்று, கிராப் அங்கே இல்லை. ஆட்டோக்காரர் யுபிஐ கேட்பார் அல்லது ரொக்கம் கேட்பார். உங்களிடம் இருப்பது ரொக்கம்தான்.

நண்பர்கள் யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள், நீங்கள் போகிற இடங்களில் பாதி நேரம் போன் உங்கள் கையிலேயே இருக்காது. கோயில்களுக்குள் கைப்பேசி கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் உத்தரவு போட்டது. மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் அதற்கும் முன்பே தடை. பழனியில் 2023 அக்டோபரிலிருந்து. வாசலில் போனைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். அப்புறம் அர்ச்சனைச் சீட்டு, பூ, தேங்காய், விளக்கு, பழனியில் அம்மாவுக்கு மலை ஏற முடியாவிட்டால் இழுவை ரயில் சீட்டு, செருப்பு வைக்கிற இடம், எல்லாவற்றுக்கும் கையில் சில்லறை வேண்டும். போனை மட்டும் நம்பிப் போனவர் சந்நிதி வரை போய் ஒரு சூடத் தட்டுக்குப் பத்து ரூபாய் போட முடியாமல் நிற்பார். அதைப் பார்த்தால் அம்மாவுக்கு எப்படி இருக்கும்? ராமேஸ்வரத்தில் இன்னொரு விஷயம். 22 தீர்த்தத்திலும் வாளி வாளியாகத் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றுவார்கள், உள்ளாடை வரை நனையும். இடுப்பில் காசைக் கட்டிக்கொண்டு போனால் நோட்டெல்லாம் கூழாகிவிடும். அங்கே ஒருவர் நீராட ஒருவர் பையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அல்லது பாதியை அறையில் பூட்டி வைத்துவிட்டு மீதியை பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போங்கள்.

போனுக்கு வேறொரு முக்கிய வேலை இருக்கிறது. வங்கியில் ஏதாவது சரிசெய்ய வேண்டும் என்றால் இப்போது செயலியில்தான் ஒப்புதல் கொடுக்க வேண்டும், ஒரு கணக்குக்கு ஒரு போன்தான். ஆகவே மலேசிய சிம்மைக் கழற்றி எறிந்துவிட்டு இந்திய சிம்மைப் போடாதீர்கள். ரோமிங் திறந்து, நம் எண்ணுக்குக் குறுஞ்செய்தி வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிளம்புகிற வாரத்தில் புதுப் போனுக்கு மாறவும் வேண்டாம். புதுப் போனில் செயலியை இணைத்தால் பல மணி நேரம் காத்திருக்கச் சொல்லும், அது பாதுகாப்புக்காக வைத்தது. இரண்டு வங்கிகளின் எண்ணையும் முன்னால் 60 சேர்த்து ஒரு தாளில் எழுதி அம்மாவின் கடப்பிதழுக்குள் வையுங்கள். கார்டுக்குப் பின்னால் எண் இருக்கிறதே என்பார்கள், கார்டு தொலைந்தால் அந்த எண்ணும் அதோடு போய்விடும். அங்கே யாராவது "வங்கியிலிருந்து பேசுகிறேன், டேக் எண்ணைச் சொல்லுங்கள்" என்று வங்கி அனுப்பும் ரகசிய ஒப்புதல் எண்ணைக் கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

அம்மாவின் கைக்காசைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லப்போகிறேன். மகன் எல்லாக் காசையும் தன்னிடம் வைத்துக்கொண்டு, அம்மா ஒவ்வொரு தடவையும் கையை நீட்டிக் கேட்டு வாங்குகிற குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தோட்டத்தில் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து உழைத்த பெண்ணுக்கு, தன் அப்பா பிறந்த ஊரில், கோயில் உண்டியலில் போட மகனிடம் கேட்க வேண்டியிருப்பது கஷ்டம். அவருடைய 15,000 அவரிடமே இருக்கட்டும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஆயிரம் என்று பிரித்து, பாவாடையின் உள்பக்கம் ஜிப் வைத்துத் தைத்த பையில் ஒரு பகுதி, சுருக்குப்பையில் அன்றைய செலவுக்கு. எங்கள் அம்மாவுக்கு நானே அப்படித் தைத்துக் கொடுத்தேன். அரை மணி நேர வேலை. மதுரையில் ஒரு குடும்பம் மொத்தக் காசையும் கடப்பிதழையும் ஒரே பையில் வைத்து ஆட்டோவில் மறந்துவிட்டார்கள். அந்தப் பாட்டியின் சுருக்குப்பையில் இருந்த மூவாயிரம் ரூபாய்தான் அவர்களை அன்று சென்னைக்குக் கொண்டுசேர்த்தது.

நோட்டை அடையாளம் காட்டிப் பழக்கிவிடுங்கள், கிளம்பும் முன் வீட்டு மேசையில் பரப்பி வைத்து. அம்மா நினைவில் வைத்திருக்கும் நோட்டுகள் இப்போது இல்லை. பத்து சாக்லேட் நிறம், ஐம்பது நீலம், நூறு இளம் ஊதா, இருநூறு நல்ல மஞ்சள், ஐந்நூறு சாம்பல் நிறத்தில் பின்னால் செங்கோட்டை. இருபதும் பச்சை கலந்த மஞ்சள்தான், மங்கிய வெளிச்சத்தில் அதையும் இருநூறையும் குழப்பிக்கொள்வார்கள். கண் சரியில்லாவிட்டால் விரல் உதவும். நூறு ரூபாயின் இரு ஓரத்திலும் தடவினால் தட்டுப்படுகிற சாய்ந்த கோடுகள் நான்கு. இருநூறில் நான்கு கோடும் நடுவில் இரண்டு வட்டமும். ஐந்நூறில் ஐந்து கோடு. கண்புரை வந்த ஒரு பாட்டிக்கு இதைக் கவுண்டரில் சொல்லிக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு நோட்டாகத் தடவி "இது அஞ்சு, இது நாலு" என்று சொல்லி வரிசையில் நின்றவர்களையெல்லாம் சிரிக்க வைத்தார். ஐந்நூறு நோட்டைச் சாய்த்துப் பார்த்தால் உள்ளே ஓடும் இழை பச்சையிலிருந்து நீலமாக மாறும், கள்ள நோட்டா என்று சந்தேகம் வந்தால் முதலில் அதைப் பாருங்கள். எங்கே மாற்றினாலும் கவுண்டரை விட்டு நகரும் முன் எண்ணுங்கள். கிழிந்ததை அங்கேயே திருப்பிக் கொடுங்கள், வெளியே யாரும் வாங்க மாட்டார்கள்.

தங்குமிடத்துக்கும் பெரிய துணிக்கடைக்கும் கார்டு தாராளமாகப் போகும், அங்கே ரொக்கத்தைச் செலவழிக்காதீர்கள். இதைப் படிக்கும் வேறு யாராவது கல்யாணச் சாமான் வாங்கத் தியாகராய நகருக்குப் போவதாக இருந்தால் ஒரு வார்த்தை: அங்கே ஒரு கடை ஒரு நாளில் ஒருவரிடம் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது சட்டம். ரயில் டிக்கெட்டை அங்கே போய் இணையத்தில் நம் கார்டில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள், பல இந்தியத் தளங்கள் வெளிநாட்டுக் கார்டைத் தள்ளிவிடும். புதுக்கோட்டைச் சொந்தக்காரரிடம் சொல்லி முன்பே போட்டுவிட்டு, போனதும் காசைக் கொடுத்துவிடுங்கள். வெள்ளி மாற்றிய ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள், திரும்பும்போது மிச்ச ரூபாயை விமான நிலையத்தில் மாற்ற வேண்டுமென்றால் கேட்பார்கள். ஓரிரண்டாயிரம் மிஞ்சினால் மாற்றவே வேண்டாம், அடுத்த தடவை போகும்போது உதவும்.

அப்பாவின் பழைய நோட்டுகளைக் கடைசிக்கு வைத்தேன். பழைய ஐந்நூறும் ஆயிரமும் 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவோடு செல்லாமல் போய்விட்டன. மாற்றுவதற்குக் கொடுத்த கெடுவெல்லாம் முடிந்து பல ஆண்டுகள் ஆகின்றன, எந்தக் கடையிலும், எந்த வங்கியிலும் இனி அவற்றுக்குப் பணம் கிடையாது. கமிஷனுக்கு மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அது ஏமாற்று வேலை. அதோடு, அப்படிப்பட்ட நோட்டைப் பத்துக்கு மேல் வைத்திருப்பது இந்தியாவில் 2017 முதல் அபராதத்துக்குரிய குற்றம். ஆகவே தெரியாமல்கூடப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். அதற்குப் பிறகு வந்த இரண்டாயிரம் ரூபாய் நோட்டு இருந்தால், அது 2023 மே 19 அன்று புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்பட்டது. செல்லாது என்று சொல்லவில்லை, ஆனால் கடையில் யாரும் வாங்க மாட்டார்கள், ரிசர்வ் வங்கி அலுவலகத்தில்தான் மாற்ற வேண்டும். ஒன்றிரண்டு நோட்டுக்காகச் சென்னை வரை போவது உங்கள் பயணத்துக்கு ஒத்துவராது. பழைய நூறு, ஐம்பது, பத்து இருந்தால் கவலை வேண்டாம், அவை இன்றும் செல்லும். கிழியாமல் இருந்தால் பழனியில் செலவழிக்கலாம்.

என் கவுண்டருக்கு இப்படிப் பழைய ஐந்நூறுகளோடு வந்தவர்களில் அம்மாக்கள்தான் அதிகம். பெரும்பாலும் கணவர் கடைசியாக ஊருக்குப் போய்விட்டு வந்து கொடுத்தது. "செல்லாதும்மா" என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பது எனக்கு அந்த வேலையிலேயே கஷ்டமான வேலை. எவ்வளவு தேறும் என்றுதான் முதலில் கேட்பார்கள், அப்புறம் ஒன்றும் சொல்லாமல் நான்காக மடித்துக் கைக்குட்டைக்குள் வைத்துக்கொள்வார்கள். உங்கள் அம்மாவிடம் கடையில் யாரோ சொல்ல விடாதீர்கள் தம்பி, நீங்களே வீட்டில் உட்கார்ந்து சொல்லுங்கள். ஒரு நோட்டை அப்பா படத்துக்குப் பின்னால் வைத்துவிடலாம். அம்மா கிளம்பும்போது சுருக்குப்பையில் புது நோட்டாக இருக்கட்டும், பத்து ரூபாய்க் கட்டு ஒன்று உட்பட.